ரயில் சத்தத்தைப் பாட்டாக்கிய பொறியாளர்

வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக இன்ஜினியரிங் பக்கம் வந்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டால், பாதிப் பெஞ்சு கையைத் தூக்கும். உடம்பு ஒர்க்‌ஷாப்பில் இருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். பாட்டு, நாடகம், சினிமா, ஓவியம் என்று ஆளுக்கொரு திசை. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும், இன்னொன்றை விட்டுவிட வேண்டியதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். விடவே விடாத ஒரு பொறியாளரின் கதையை இங்கே சொல்லப் போகிறேன் நண்பர்களே! அவர் பெயர் பியேர் ஷெஃபர். பிரான்ஸ் நாட்டுக்காரர்.

இன்றைக்கு ஒரு சின்ன ஓசைத் துண்டை எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் சுழல விட்டு, அதன் மேல் மழைச் சத்தம், பறவைச் சத்தம், மனுஷக் குரல் எல்லாம் அடுக்கி இசை செய்வது சாதாரண விஷயம். கையில் இருக்கிற செல்போனிலேயே செய்யலாம். லூப் என்கிறோம், சாம்பிள் என்கிறோம். இந்த வேலையை 1948இல் முறையாகத் தொடங்கி, அதற்கு ஒரு பெயரும் ஒரு கூடமும் ஒரு இலக்கணமும் கொடுத்தவர் இவர்தான்.

பாட்டுக் குடும்பத்துப் பிள்ளை

1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி, பிரான்சின் கிழக்குப் பகுதியில் இருக்கும் நான்சி நகரில் பிறந்தார். அப்பா வயலின் வித்வான், அம்மா பாடகி. வீடு முழுக்க சங்கீதம். அப்புறம் என்ன, பையனும் பாட்டுக்காரன்தானே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! இசையை நம்பிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவத்தில் தெரிந்த பெற்றோர், பையன் இன்ஜினியர் ஆகட்டும் என்று முடிவு கட்டினார்கள்.

1929இல் பாரிசில் எகோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். பெயரைப் பார்த்து நம்ம ஜாதி என்று சந்தோஷப்பட வேண்டாம். 1794இல் தொடங்கிய, அந்த நாட்டின் மிகப் பெரிய பொறியியல் கல்விக்கூடம் அது. பெயரளவில் நமக்குச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்வோம்! பிறகு மின்சாரமும் தொலைத்தொடர்பும் படித்தார். 1934இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொலைத்தொடர்பு இன்ஜினியர் வேலை. இரண்டு வருஷம் கழித்து, 1936இல், பாரிஸ் வானொலிக்கு மாற்றல் ஆனார். அவர் தலையெழுத்து மாறியது அந்த மாற்றலில்தான். மைக், ஆம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கி, ஒலித்தட்டு வெட்டும் கருவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. வேலைக்காக வந்த மனிதருக்கு அங்கே பழைய ஆசை கண் விழித்தது.

போரும் மணியோசையும்

1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு வந்தது. அந்த அரசின் ஆதரவில் நடந்த இளைஞர் வானொலியிலும், ஒரு இளைஞர் கலை அமைப்பிலும் ஷெஃபர் ஆரம்பத்தில் வேலை பார்த்தார். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அந்தக் கலை அமைப்பு 1942இல் கலைக்கப்பட்டது. அதன்பின் வானொலிக் கலையை ஆராய்வதற்கென்று பாரிசில் ஒரு சோதனைக் கூடம் அமைத்தார். பெயரே சோதனை ஸ்டுடியோ என்றுதான். பகலில் நாடக ஒலிப்பதிவு நடந்த அந்த இடம், போகப் போக ஜெர்மானியரை எதிர்த்தவர்களின் ரகசிய இடமாக ஆனது.

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை அடைந்தபோது, சுதந்திர வானொலியின் குரல் இந்தக் குழுவின் வழியாகத்தான் எழுந்தது. ஆகஸ்ட் 24ஆம் தேதி இரவு, நேச நாட்டு டாங்கிகள் நகருக்குள் நுழைந்த நேரத்தில், ஷெஃபர் மைக்கின் முன் நின்று, நகரத்துப் பாதிரியார்கள் எல்லாரும் தேவாலய மணிகளை அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நாலு வருஷம் அடங்கிக் கிடந்த நகரத்தில் மணிகள் ஒலித்தன. ஒரு சத்தம் மனுஷனை என்ன செய்யும் என்பதை அன்றைக்கு அவர் நேரில் பார்த்திருக்கிறார்.

லேத் கற்றுக்கொடுத்த பாடம்

போர் முடிந்தது. 1948. சத்தங்களை வைத்தே ஒரு சிம்பனி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானொலி நாடகங்களுக்குச் சத்தம் கொடுக்கும் பிரிவுக்குப் போய், தேங்காய்ச் சிரட்டை, கார் ஹாரன், சைக்கிள் பம்ப், மணி என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். தட்டினார், ஊதினார், உருட்டினார். எல்லாம் வெறும் தட்டுமுட்டுச் சத்தமாகவே இருந்தது. இசை வரவில்லை.

வழி காட்டியது மெஷின்தான். அப்போது அந்த ஸ்டுடியோவில் டேப் ரெக்கார்டர் கிடையாது. மெழுகு போல மிருதுவான பூச்சுள்ள தட்டில் ஊசியால் பள்ளம் வெட்டிப் பதிவு செய்வார்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது உடனே புரியும். நம்ம லேத்தில் திரெட் வெட்டும்போது, வேலைப்பொருள் சுற்றும், டூல் சீராகப் பக்கவாட்டில் நகரும். டூலின் நகர்வை நிறுத்திவிட்டால்? திரெட் விழாது, ஒரே இடத்தில் வட்டப் பள்ளம் விழும். ஒலித்தட்டிலும் அதேதான். வழக்கமாக ஊசி சுருள் பாதையில் உள்நோக்கிப் போகும். பள்ளத்தின் முடிவு அதன் தொடக்கத்தோடே சேர்ந்துவிட்டால், ஊசி வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே விஷயத்தைச் சொல்லாதே என்று நாம் கிண்டல் செய்வோமே, அந்தக் கீறலை வேண்டுமென்றே செய்தவர் இவர்! மூடிய பள்ளம் என்று அதற்குப் பேர் வைத்தார். நிமிஷத்துக்கு 78 சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 60 வகுத்தல் 78, அதாவது சுமார் 0.77 நொடி. முக்கால் நொடிச் சத்தம் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு மூன்று தடவை அது என்ன சத்தம் என்று மனசு தேடும். இருபது தடவை கேட்டபின் அந்தக் கேள்வியே மறைந்துபோகும். அந்தச் சத்தத்தின் ஏற்றம், இறக்கம், சொரசொரப்பு, தாளம் எல்லாம் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். கதவுச் சத்தம் கதவை விட்டுப் பிரிந்துவிடும். இன்றைய லூப் இசை முழுவதுக்கும் அஸ்திவாரம் இந்த ஒரு கவனிப்புதான்.

இரண்டாவது சோதனை மணியை வைத்து. மணியை அடித்த பிறகு, அந்த முதல் அடியின் சத்தம் போனபின், ரீங்காரத்தை மட்டும் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால் மணி மாதிரியே இல்லை! ஏதோ குழல் வாத்தியம் போல ஒலித்தது. ஒரு சத்தத்தை இன்னது என்று காது அடையாளம் கண்டுகொள்வதில் அதன் தொடக்கத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெளிவானது. இதை எந்தச் சங்கீதப் புத்தகத்திலிருந்தும் அவர் எடுக்கவில்லை. சுவிட்சைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆறு வாத்தியம் வேண்டாம், ஒரு ரயில் போதும்

1948 மே மாதம் ஒலிப்பதிவு வண்டியோடு பாரிசின் பாத்தின்யோல் ரயில் நிலையத்துக்குப் போனார். நீராவி எஞ்சின்கள் மூச்சு விடுவது, விசில், சக்கரம் தண்டவாளத்தில் தாளம் போடுவது எல்லாவற்றையும் பதிவு செய்தார். எஞ்சின் ஓட்டுநர்களையே வாத்தியக்காரர்கள் மாதிரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். பதிவானதை வெட்டி, சுழலவிட்டு, வேகம் மாற்றி, சுமார் மூன்று நிமிஷத்துக்கு ஒரு துண்டு செய்தார். அதுதான் ரயில்களின் பயிற்சி எனப்படும் முதல் படைப்பு. பயிற்சி என்ற பெயரை அவரே வைத்தார். வாத்தியம் பழகுகிற மாணவன் வாசிக்கும் பயிற்சி மாதிரி, இது காதுக்குப் பயிற்சி.

அந்த வருஷம் அக்டோபர் 5ஆம் தேதி, சத்தங்களின் கச்சேரி என்ற பெயரில் பாரிஸ் வானொலி இதையும் சேர்த்து ஐந்து பயிற்சிகளை ஒலிபரப்பியது. இரண்டில் பியானோ ஒலியைப் பதிந்து உருமாற்றியிருந்தார். பியானோ வாசித்தவர் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற பியேர் பூலெஸ். இன்னொன்றில் சமையல்கட்டுப் பாத்திரம், கால்வாய்ப் படகு, பேச்சு, பாட்டு, ஹார்மோனிகா எல்லாம் கலந்திருந்தன. ரேடியோ கெட்டுப்போச்சோ என்று சிலர் திருகிப் பார்த்திருப்பார்களோ என்னவோ!

இந்த இசைக்கு அவர் வைத்த பெயர் மியூசிக் காங்க்ரீட். சிவில் நண்பர்கள் அவசரப்பட வேண்டாம், சிமென்ட்டுக்கும் ஜல்லிக்கும் இதில் சம்பந்தம் இல்லை. வழக்கமான முறையில் இசையமைப்பாளர் மனசில் நினைத்ததை முதலில் ஸ்வரமாக எழுதுகிறார், பிறகு யாரோ அதை ஒலியாக்குகிறார்கள். இங்கே தலைகீழ். கையில் இருக்கிற நிஜச் சத்தத்தில் தொடங்கி, அதை வெட்டி ஒட்டி இசைக்குப் போக வேண்டும். பருப்பொருளில் தொடங்குவதால் அந்தப் பெயர்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 1944லேயே எகிப்தின் கெய்ரோ நகரில் ஹலீம் எல்-தப் என்ற இளைஞர், பெண்கள் நடத்தும் ஸார் என்ற சடங்கின் குரல்களைக் கம்பி ரெக்கார்டரில் பதிந்து, அதை உருமாற்றி இசை செய்திருந்தார். முதல் ஆள் யார் என்று போட்டி வைத்தால் அவருக்கும் நாற்காலி போட வேண்டும். ஆனால் சோதனையை ஒரு துறையாக வளர்த்தவர் ஷெஃபர்.

தனி மனிதன் ஒருவனின் ஓசை

1949இல் பியேர் ஹென்ரி என்ற இளம் இசைக்கலைஞர் வந்து சேர்ந்தார். இன்ஜினியரும் இசைக்கலைஞரும் ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, தனி மனிதனுக்கான சிம்பனி என்ற படைப்பே சாட்சி. ரயிலையும் பாத்திரத்தையும் விட்டு, இந்தத் தடவை மனுஷனையே வாத்தியமாக்கினார்கள். மூச்சு, சிரிப்பு, கூச்சல், முணுமுணுப்பு, விசில், காலடி, கதவு தட்டும் ஓசை. ஒரு மனுஷன் ஒரு நாள் முழுக்க உண்டாக்குகிற சத்தங்கள் எல்லாம் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வந்தன.

1950 மார்ச் 18ஆம் தேதி பாரிசில் ஓர் இசைப் பள்ளியின் அரங்கில் அது அரங்கேறியது. மேடையில் பாடகரும் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை! ஒலிபெருக்கிகள் மட்டும். ஒலித்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள்தான் அன்றைய வித்வான்கள். 22 பகுதிகளாக இருந்த படைப்பு பிற்பாடு 12 பகுதிகளாகச் சுருக்கப்பட்டது. 1955இல் மோரிஸ் பெஜார் அதற்கு நடனம் அமைத்தார். அதன்பின் பல ஊர் மேடைகளுக்கு அது போனது.

டேப்பும் தொழில்நுட்பக்காரரும்

1951இல் வானொலி நிலையத்திலேயே இந்த இசைக்கென்று ஆராய்ச்சிக் குழு அமைந்தது. டேப் ரெக்கார்டர்களும் வந்தன. தட்டில் 0.77 நொடிதான் சுழல முடியும். டேப்பில் அந்தத் தடையே இல்லை. நொடிக்கு 38 செ.மீ. ஓடும் டேப்பில் 5 நொடி சுழல வேண்டுமானால், 190 செ.மீ. வெட்டி இரு முனையையும் ஒட்டினால் போதும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒருவர் ழாக் புலன் என்ற தொழில்நுட்ப வல்லுநர். ஷெஃபர் கற்பனை செய்ததைக் கருவியாகச் செய்து கொடுத்தவர் அவர். முன்பே ஷெஃபருக்கு ஒரு கனவு இருந்தது. ஆர்கனின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கிராமபோன், கட்டையை அழுத்தினால் அதற்குரிய சத்தம் வர வேண்டும். அந்தக் கனவின் உறவுக்காரக் கருவிதான் ஃபோனோஜென். அதில் ஒரு டேப் லூப், வெவ்வேறு விட்டமுள்ள 12 உருளைகள், 12 கட்டைகள். எந்தக் கட்டையை அழுத்துகிறோமோ அந்த உருளை டேப்பை இழுக்கும். அடுத்தடுத்த உருளை சுமார் 6 சதவீதம் பெரிதாக இருந்தால் அடுத்தடுத்த ஸ்வரஸ்தானம் கிடைக்கும். வேகம் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், நேரம் பாதியாகும். இன்னொரு கருவி மார்ஃபோபோன். சுழலும் டேப்பைச் சுற்றி, அழிக்க ஒரு ஹெட், பதிய ஒரு ஹெட், கேட்க 10 ஹெட். ஒரே சத்தம் பத்து எதிரொலியாகத் திரும்பி வரும்.

கச்சேரி அறிவிப்பில் இசையமைப்பாளர் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஆனால் உருளையின் விட்டத்தைக் கணக்குப் போட்ட கை இல்லாமல் அந்த இசை இல்லை. டிப்ளமோ படிக்கிற நாம் இதை மறக்கக் கூடாது.

கல்லடியும் கடல் கடந்த வேலையும்

எல்லாரும் மாலை போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1953இல் ஜெர்மனியின் டோனாவ்ஷிங்கன் இசை விழாவில் ஆர்ஃபே 53 என்ற நாடக இசையை அரங்கேற்றியபோது பெரிய ரகளை. முதலில் பியானோ வாசித்துக் கொடுத்த பூலெஸே பிற்காலத்தில் கடுமையாக விமர்சித்தார். 1958இல் ஹென்ரியும் பிரிந்துபோனார்.

இடையில் ஷெஃபர் வேறொரு பெரிய வேலையில் இருந்தார். பிரான்சின் ஆதிக்கத்தில் அப்போது இருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு வானொலி நிலையங்கள் அமைக்கும் பொறுப்பு. 1955இல் அதற்கென்று ஒரு நிறுவனம் உருவானது. ஆப்பிரிக்க இளைஞர்களையே அறிவிப்பாளர்களாகவும் தொழில்நுட்பக்காரர்களாகவும் பழக்க ஒரு பயிற்சி ஸ்டுடியோவும் வந்தது. 1957இல் அந்தப் பதவி அவர் கையை விட்டுப் போனது. ஆனால் அந்த நிறுவனத்தின் வழிவந்ததுதான் உலகின் மரபிசைகளைப் பதிந்து வெளியிட்ட ஒகோரா. அந்த வரிசையில் நம்ம தென்னிந்திய இசைத் தட்டுகளும் உண்டு.

திரும்பி வந்து 1958இல் இசை ஆராய்ச்சிக் குழுவைப் புதிதாகக் கட்டினார். 1960இல் பிரெஞ்சு வானொலி தொலைக்காட்சியின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானார். சத்தங்களை உருவம், எடை, தொடக்கம், தேய்வு என்று தாவரவியல்காரர் இலைகளைப் பிரிப்பதுபோல் பிரித்து வகைப்படுத்தி, 1966இல் 600 பக்கத்துக்கு மேல் ஒரு பெரிய நூல் எழுதினார். மாணவர்களைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்கச் செய்தாராம் பித்தாகரஸ். அந்தப் பழங்கதையை எடுத்துக்கொண்டு, எதிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்கும் பழக்கத்தை அதில் விளக்கினார். 1968 முதல் பாரிஸ் இசைக் கல்லூரியில் பாடமும் நடத்தினார்.

கடைசிக் கணக்கு

1975இல் அந்த வானொலி தொலைக்காட்சி நிறுவனம் பல துண்டாகப் பிரிக்கப்பட்டது. அவருடைய ஆராய்ச்சித் துறையும் அதோடு போயிற்று. இசைக் குழு மட்டும் வேறொரு நிறுவனத்தின் கீழ் தொடர்ந்தது. ஷெஃபர் எழுத்துக்குத் திரும்பினார்.

இங்கேதான் கதை கனமாகிறது. வயசான காலத்தில் 1986இல் கொடுத்த ஒரு பேட்டியில், தன் இசை முயற்சி தோல்வி என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஸரிகம போன்ற ஸ்வர வரிசைக்கு வெளியே உண்மையான இசை இல்லை, பாஹ் போன்றவர்கள் எட்டிய இடத்துக்குத் தன் வழி போகவில்லை என்பதே அவர் எண்ணம். நாற்பது வருஷம் உழைத்த மனுஷன் தன் விடைத்தாளுக்குத் தானே பூஜ்யம் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? 1995 ஆகஸ்ட் 19ஆம் தேதி, 85 வயது முடிந்த ஐந்தாம் நாள், தென் பிரான்சில் காலமானார்.

அந்தத் தீர்ப்பு சரியா? ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம். அவர் கூடத்தில் பழகிய லூக் ஃபெராரி, கடலோரக் கிராமம் ஒன்று விடிகாலையில் கண் விழிக்கும் ஓசையைப் பதிந்து, 1970இல் அதையே ஒரு படைப்பாக்கினார். படகும் பூச்சியும் மனிதப் பேச்சும்தான் அதில் வாத்தியம். நம்மைப் போலப் பொறியியல் படித்த இயான்னிஸ் ஸெனாகிஸ், 1958இல் பிரஸல்ஸ் கண்காட்சிக்காக எரியும் கரியின் வெடிப்போசையை மட்டும் வைத்து ஒரு படைப்பு செய்தார். அதே 1966இல் பீட்டில்ஸ் குழு டேப் லூப்களைத் தங்கள் பாட்டில் பயன்படுத்தியது. 1978இல் பிரையன் ஈனோ, நீளம் வேறுபட்ட டேப் லூப்களைச் சுழலவிட்டு விமான நிலையங்களுக்கான இசையை வெளியிட்டு, அதற்கு ஆம்பியன்ட் என்று பெயர் வைத்தார். இயற்கையின் சத்தத்தையும் மனுஷனின் சத்தத்தையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்கும் பழக்கம் உலகம் பூராவும் பரவிவிட்டது.

தன்னை இன்னொரு பாஹ் என்று அளந்து பார்த்ததால் ஷெஃபருக்குத் தன் உயரம் குறைவாகத் தெரிந்தது. பாஹ் கட்டியது கோயில். இவர் தோண்டியது கிணறு. கிணற்றை உயரத்தால் அளந்தால் பூஜ்யம்தான் வரும். எத்தனை பேர் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டால் கணக்கே வேறு! தன் வேலையின் மதிப்பைத் தானே சரியாகச் சொல்லிவிட முடியும் என்று நினைப்பது பெரிய மனிதர்களுக்கும் பொய்த்துப் போகிறது. மார்க் ஷீட்டைப் பார்த்து மனசொடியும் நண்பர்கள் இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த தடவை ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது காதைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். லேத் ஓடும் சத்தம், அரம் தேய்க்கும் சத்தம், வெளியே வேப்பமரத்துக் காக்கை, பக்கத்து மேஜையில் யாரோ சிரிப்பது. ஒரு முக்கால் நொடியை மனசுக்குள் பிடித்து, திரும்பத் திரும்பச் சுழல விட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு கண் மட்டும் ஜாப் மேல் இருக்கட்டும். ரீடிங் தப்பினால் இன்ஸ்ட்ரக்டர் போடும் சத்தத்தை எந்த ஷெஃபராலும் இசையாக்க முடியாது!